வெளிவளையத்தில் எண்பது கட்டி

ஈப்போவில் கார்ப் பைத்தியம் பிடித்த பையன்கள் சேர்ந்து நடத்தும் ஒரு கைப்பேசிக் குழுவில் என்னையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. காலையில் கண் விழித்தால் இருபது செய்தி கிடக்கும். எல்லாம் ஒரே கேள்விதான்: "அண்ணே, எத்தனை கே போடலாம்?"

இந்தக் 'கே' என்பது ஸ்பிரிங்கின் விறைப்பு. ஒரு ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எட்டுக் கிலோ எடை வேண்டுமானால் அது எட்டு கே. பத்துக் கிலோ வேண்டுமானால் பத்து கே. விஷயம் இவ்வளவுதான். பையன்களோ அதைப் பரீட்சை மதிப்பெண் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். நண்பன் எட்டு போட்டால் இவன் பத்து போட்டாக வேண்டும். புந்தோங்கில் ஒருவன் பன்னிரண்டு போட்டுக்கொண்டு, தன் உறுமி மேளக் குழுவை ஏற்றிக்கொண்டு சித்தியவான் கோவில் திருவிழாவுக்குப் போனான். போகிற வழியெல்லாம் மேளம் தானாகவே அடித்துக்கொண்டு வந்ததாம். மறுநாள் பழைய ஸ்பிரிங்கையே போட்டுக்கொடுங்கள் என்று வந்து நின்றான். அது எங்கே என்று கேட்டேன். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டானாம்.

போன வாரம் ஒரு பையன் வேறு மாதிரிக் கேட்டான். நாற்பது வருஷத்துக்கு மேல் ஸ்பிரிங் அளந்தீர்களே, எப்போதாவது தப்பாக அளந்ததுண்டா என்று. நான் யோசிக்காமல் "ஒரே ஒரு தடவை" என்று பதில் போட்டுவிட்டேன். போட்டிருக்கக்கூடாது. அன்றிலிருந்து சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று உயிரை எடுக்கிறார்கள். கட்டை விரலால் தட்டி முடிகிற கதையில்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் சித்தியவான் பக்கத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவன். பதினெட்டு வயதில் ஈப்போவுக்கு வந்து, லஹாட் சாலைப் பக்கம் ஒரு சீனர் நடத்திய ஸ்பிரிங் கடையில் சேர்ந்தேன். முதல் மூன்று வருஷத்தில் நான் உருப்படியாகக் கற்றது இரண்டே விஷயம். அமுக்கிய ஸ்பிரிங்குக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகக்கூடாது. தவுக்கே காப்பி குடிக்கும்போது கேள்வி கேட்கக்கூடாது.

தவுக்கே என்றால் முதலாளி. அவருக்கு வேறு பெயர் இருந்தது, ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஒல்லியான மனிதர், எப்போதும் வெள்ளைப் பனியன், காதில் ஒரு பென்சில். எங்களோடு மலாயில்தான் பேசுவார், அதுவும் நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் செலவழிக்க மாட்டார். அந்தப் பத்தில் மூன்று வார்த்தை நிச்சயம் "சத்து காலி லாகி" என்பதாக இருக்கும். இன்னும் ஒரு தடவை என்று அர்த்தம். நாம் அளந்தது சரியாக இருந்தாலும் அதுதான், தப்பாக இருந்தாலும் அதுதான். அவர் முகத்தைப் பார்த்து எது என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வருஷம் ஆனது. கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்ததும் பிறகு தப்பாகப் போனது.

அளப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார், அதில் ஒரு படியைக்கூடத் தாண்டவிட மாட்டார். முதலில் ஸ்பிரிங்கை மண்ணெண்ணெயில் கழுவித் துடைக்க வேண்டும். பிறகு சுற்றுகளை விரலால் தொட்டு எண்ண வேண்டும். மேலும் கீழும் படிந்து கிடக்கும் சுற்றுகள் வேலை செய்யாது, அவற்றைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. கம்பியின் பருமனை மூன்று இடத்தில் அளக்க வேண்டும். அதன் பிறகுதான் தராசு. தராசின் மேல் ஒரு இரும்புச் சட்டம், அதில் கையால் சுற்றி இறக்கும் திருகு. ஸ்பிரிங்கைத் தராசில் நிறுத்தி, சுற்றிலும் சங்கிலி போட்டு, மூன்று தடவை நன்றாக அமுக்கிவிட வேண்டும். நான்காவது தடவையிலிருந்துதான் அளவு. முதல் அங்குலத்தை எழுதவே கூடாது. முதல் அங்குலம் பொய் சொல்லும் என்பார். இரண்டாவது அங்குலத்தில் தராசு காட்டும் எடையை எழுது, மூன்றாவது அங்குலத்தில் காட்டுவதை எழுது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஸ்பிரிங்கின் விறைப்பு. இதை மூன்று தடவை செய்து மூன்றாவதாக வந்ததை வைத்துக்கொள்ள வேண்டும். ஜோடியில் ஒன்றுக்கு எழுதிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொன்றை அளக்கக்கூடாது. பார்த்தால் கண் அதே எண்ணைத் தேடிப் பிடித்துவிடும் என்று அவருக்குப் பயம்.

பயம் நியாயமானதுதான். ஆனால் என் கண் தேடிப் பிடித்தது வேறு ஒன்றை.

அந்தத் தராசைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆயர் தாவார் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டை மூடி, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரம் போட்டபோது, அதன் ஸ்டோரிலிருந்து தவுக்கே வாங்கி வந்த மேடைத் தராசு அது. வட்டமான முகம், ஒரே முள், இரண்டு வளையம். உள்வளையத்தில் கறுப்பு எழுத்தில் ராத்தல் என்கிற பவுண்டுக் கணக்கு. வெளிவளையத்தில் சிவப்பு எழுத்தில் கட்டி, அதாவது அந்தக் காலத்துச் சீனக் கடைகளின் நிறை. மூன்று கட்டி நான்கு ராத்தலுக்குச் சமம். எங்கள் கடையில் எல்லாம் ராத்தல்தான், வெளிவளையத்தை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கே கேட்பவர்களுக்கு ஒரு அங்குலத்துக்கு இத்தனை ராத்தல் என்பதை ஐம்பத்தாறால் வகுத்துச் சொல்லிவிடுவோம்.

பிலோமினா அக்கா கடைக்கு வந்தது ஒரு சனிக்கிழமை. புந்தோங்கில் பள்ளி வேன் ஓட்டியவர். பதினான்கு பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றி இறக்குவார். கணவர் இல்லை, மகன் அப்போது இடைநிலைப்பள்ளியில். அந்த வேன்தான் குடும்பம். பின்பக்க ஸ்பிரிங் இரண்டும் தளர்ந்து, வேன் வால் இறங்கி நின்றதால் வாகனப் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபரிசோதனை. அதிலும் தேறாவிட்டால் உரிமம் போகும், அந்தப் பதினான்கு பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்ள வேறொரு வேன்காரர் ஏற்கெனவே பெற்றோர்களிடம் பேசி வைத்திருந்தார்.

புது ஸ்பிரிங் வரவழைக்க நாளில்லை. கடைக்குப் பின்னால் பழைய ஸ்பிரிங் குவியல் ஒன்று உண்டு. அதிலிருந்து ஒரே உயரம், ஒரே சுற்று உள்ள இரண்டைப் பொறுக்கினேன். வேனை விட்டுவிட்டுப் போன அக்கா திரும்புவதற்கு முன்பே வலது பக்கத்துக்கானதை அளந்து எழுதிவிட்டேன். அங்குலத்துக்கு இருநூற்றுப் பத்து ராத்தல். இரண்டாவதைத் தராசில் ஏற்றும்போது அக்கா உள்ளே வந்தார். நல்ல வாட்டசாட்டமான உடம்பு, அதைவிட வாட்டசாட்டமான குரல். தராசைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இது எங்க எஸ்டேட்டு தராசுலா. இந்தா, இந்த மூலையில அடிபட்டிருக்கு பாரு. எங்கப்பா வண்டிய ரிவர்ஸ் எடுத்து இடிச்சது."

அப்புறம் என்ன, கதை கொட்டியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் முடிந்ததும் பிள்ளைகள் எல்லாம் ஸ்டோருக்கு ஓடி இந்தத் தராசில் ஏறி நிறுத்துக்கொள்வார்களாம். கட்டிக் கணக்கில்தான் பார்ப்பார்களாம், எஸ்டேட் வாசலில் இருந்த சீனக் கடையில் மரவள்ளிக்கிழங்கு போடுகிற கணக்கு. பன்னிரண்டு வயதில் இவர் எண்பது கட்டி. மற்ற பிள்ளைகள் ஐம்பதைத் தாண்டவில்லை. அன்றிலிருந்து எஸ்டேட்டைவிட்டு வரும்வரை இவருக்குப் பெயரே எண்பது கட்டிதானாம். அவரே சிரித்துச் சிரித்துச் சொன்னார், கடையில் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்துக்கொண்டே எண்பது கட்டி எங்கே வரும் என்று தராசு முகத்தில் தேடினேன். வெளிவளையத்தில் இருந்தது.

கண் அங்கேயே தங்கிவிட்டது. அதன் பிறகு திருகைச் சுற்றினேன், படித்தேன், எழுதினேன். மூன்று தடவையும் தவறாமல் தவறான வளையத்தையே பார்த்தேன். இருநூற்றுப் பத்து வந்தது. அது கட்டி. ராத்தலில் இருநூற்று எண்பது. கம்பியின் பருமனாவது காட்டிக்கொடுத்திருக்க வேண்டும், ஆனால் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மெல்லிய கம்பியின் மேல் யாரோ நாலு தடவை பெயின்ட் அடித்து அதையும் நிரப்பி வைத்திருந்தார்கள். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், இரண்டும் இருநூற்றுப் பத்து. இப்படி ஒரு ஜோடி குவியலில் கிடைப்பது அபூர்வம் என்று எனக்கு ஒரே பெருமை. அன்று மட்டும் தவுக்கே இல்லை, உறவினர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். இன்னும் ஒரு தடவை என்று சொல்ல ஆளில்லை.

திங்கட்கிழமை மாலை அக்கா திரும்பி வந்தார். பிள்ளைகளை ஏற்றினால் வேன் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்றார். நாங்கள் நாலு பேர் பின்னால் ஏறி நின்று அளந்தோம். வலது பின்பக்கம் முக்கால் அங்குலம் இறக்கம். வலது பக்கம்தான் ஓட்டுநர் இருக்கை. எனக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை.

"எண்பது கட்டி இப்ப எத்தன கட்டி ஆச்சுன்னு ஸ்பிரிங்குக்குத் தெரிஞ்சுபோச்சு அக்கா."

கடையே சிரித்தது. அக்காதான் முதலில் சிரித்தார். போட்டு இரண்டு நாள்தான் ஆகிறது, ஓடி ஓடிப் படியட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வியாழக்கிழமை மதியம் மறுபடி வேன் வந்து நின்றது. மறுநாள் பரிசோதனை. பார்த்தால் சாய்வு பாதி குறைந்திருந்தது. பரவாயில்லையே, படிந்துவிட்டதே என்றேன். அக்கா பின்கதவைத் திறந்து காட்டினார். இடது பக்க இருக்கைக்கு அடியில் இரண்டு அரிசி மூட்டை. பரிசோதனைக்கு இதோடு கொண்டுபோகலாமா, இல்லை இறக்கச் சொல்வார்களா என்று கேட்கத்தான் வந்திருக்கிறார். பெரிய பிள்ளைகளையும் மூன்று நாளாக இடது பக்கமே உட்கார வைத்தாராம். பிறகு கொஞ்சம் குரலை இறக்கிக்கொண்டு, ராத்திரி ரொட்டி சானாயையும் நிறுத்திவிட்டேன், மூன்று நாளில் எவ்வளவு குறையும் என்று தெரியவில்லை என்றார்.

நான் அதையும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். உள்ளே போய்த் தவுக்கேயிடம் அரிசி மூட்டைக் கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வெளியே வந்து வேனை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு மலாயில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். அந்த அம்மா முன்னால் உட்காருகிறாரா, பின்னால் உட்காருகிறாரா?

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஓட்டுபவர் முன்சக்கரத்தின் மேல் உட்காருகிறார். இறங்கியிருப்பதோ பின்சக்கரம். கடையில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரிகிற விஷயம். அவர் இரண்டு மடங்கு எடை இருந்தாலும் பின்பக்கத்தை முக்கால் அங்குலம் இறக்க முடியாது. இருபது வருஷம் இந்த வேலை செய்த எனக்கு அது ஏன் திங்கட்கிழமையே தோன்றவில்லை? கிண்டல் நன்றாக இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

"சத்து காலி லாகி," என்றார் தவுக்கே.

இரண்டு ஸ்பிரிங்கையும் கழற்றினேன். இடது பக்கத்து ஸ்பிரிங்கைத் தராசில் ஏற்றித் திருகைச் சுற்றினேன். உள்வளையத்தில் வித்தியாசம் இருநூற்று எண்பது. அதே இரண்டு இடத்தையும் வெளிவளையத்தில் படித்தேன். சிவப்பு எழுத்தில் வித்தியாசம் இருநூற்றுப் பத்து. என் நோட்டில் நானே எழுதிய எண். அப்போது எனக்கு வந்தது வெட்கம் மட்டுமில்லை, பயமும்தான். மணி இரண்டு. நாளைக் காலை ஒன்பதுக்குப் பரிசோதனை. குவியலில் இன்னொரு இருநூற்றுப் பத்து இருக்கிறதா என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஸ்பிரிங்கில் குறை, குவியலில் வந்த பழுது என்று ஏதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். அக்கா நம்பியிருப்பார். தவுக்கே என்னைப் பார்க்காமல் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். நான் வெளியே போய் அக்கா முன்னால் நின்றேன்.

"அக்கா, உங்க உடம்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் வளையம் மாத்திப் பார்த்துட்டேன். தப்பு என்னோடது."

அவர் தராசைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப மூணு நாளா நான் பட்டினி கெடந்தது?"

குவியலுக்குப் போய்விட்டேன்.

அன்று பதினேழு ஸ்பிரிங் அளந்தேன். ஒவ்வொன்றையும் கழுவி, எண்ணி, பெயின்ட்டைச் சுரண்டிக் கம்பியை அளந்து, மூன்று மூன்று தடவை. தவுக்கே வழக்கமாக ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகிறவர், அன்று ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் படிக்க, அவர் எழுதினார். என் வாயிலிருந்து எண் வந்ததும் எழுந்து வந்து முள்ளைத் தானும் ஒருமுறை பார்ப்பார். ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். பதினேழாவது ஸ்பிரிங் இருநூற்றுப் பன்னிரண்டு ராத்தல் காட்டியது. மாட்டி முடித்து, மூட்டைகளை இறக்கி, பின்னால் நாலு பேர் ஏறி நின்றோம். நாடா வைத்து இரண்டு பக்கமும் தவுக்கேயே அளந்தார். வேன் நேராக நின்றது.

மறுநாள் பரிசோதனைக்கு நானும் வர வேண்டும் என்று அக்கா உத்தரவு போட்டார். தோற்றால் அங்கேயே என்னைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போவதாகவும் சொன்னார். தேறிவிட்டது. வரும் வழியில் ஒரு ரொட்டி சானாய்க் கடையில் வேனை நிறுத்தினார். தனக்கு இரண்டு சொன்னார். எனக்குச் சொல்லவில்லை.

"நீ பார்த்துக்கிட்டு உக்காரு தம்பி."

பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரசித்து, குழம்பில் நன்றாகப் புரட்டி, அவசரமே இல்லாமல் சாப்பிட்டார். மூன்றாவதாக ஒன்று வந்தபோதுதான் தட்டை என் பக்கம் தள்ளினார்.

அன்றே கடையில் அந்த வெளிவளையத்தின் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டேன். காய்வதற்குள் தவுக்கே வந்து மண்ணெண்ணெய் தொட்டு முழுவதையும் துடைத்துவிட்டார். வளையம் என்ன செய்தது என்று கேட்டார். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை, முள்ளைப் பார்க்கும் முன் உள்வளையத்தில் விரலை வைத்துவிட்டுத்தான் படித்தேன். அடுத்தவர்களுக்கு அது என்னவோ சாமி கும்பிடுவது மாதிரித் தெரிந்திருக்கும்.

இதோடு கதை முடிந்தது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று கடையில் சாப்பாடு போட்டார்கள். இப்போது கடையை நடத்துவது தவுக்கேயின் மகள். அந்த வாரம்தான் திரை வைத்த புது அளவு இயந்திரம் ஒன்று வந்திறங்கியிருந்தது. நான் போகிறேன் என்று அது வந்ததா, அது வருகிறது என்று நான் போனேனா என்று பையன்கள் என்னைக் கேலி செய்தார்கள். ஒரே ஸ்பிரிங்கைப் பழைய தராசிலும் புதியதிலும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரு ராத்தல்தான் வித்தியாசம். நல்ல இயந்திரம், சந்தேகமே இல்லை. எண்பது வயதைத் தாண்டிய தவுக்கே நாற்காலியில் உட்கார்ந்து அதை முறைத்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்குக் காது அவ்வளவாகக் கேட்பதில்லை.

பிலோமினா அக்காவையும் கூப்பிட்டிருந்தேன். வேனை விற்றுவிட்டார், முட்டிவலி. மகன் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். புது இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் கட்டி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் இனிமேல் யாரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு வடையைப் பிட்டுக்கொண்டே, பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"தெரியுமா முத்து, மகன் காடியில நான் இன்னமும் பின்னாடி நடுவுலதான் உக்காருவேன். சைடுல உக்காந்தா சாஞ்சிருமோன்னு ஒரு நெனப்பு. என் உடம்பு இல்லன்னு நீ சொன்னது தெரியும்லா. இருந்தாலும் உக்காரும்போது நெனப்பு வந்துருது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். வளையம் மாற்றிப் பார்த்ததற்கு அன்றே தப்பு என்னுடையது என்று சொன்னேன். அந்த ஸ்பிரிங்கை நாலு மணி நேரத்தில் மாற்றினேன். திங்கட்கிழமை சொன்ன கிண்டலுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றியதில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக இவர் எத்தனை கார்களில் நடுவில் உட்கார்ந்து போனாரோ.

கையைத் துடைத்துக்கொண்டு, மன்னித்துவிடுங்கள் அக்கா, அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக்கூடாது என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அக்கா மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். பிறகு தவுக்கே பக்கம் பார்த்தார். பிறகு மறுபடி என்னைப் பார்த்து, அவர் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்:

"சத்து காலி லாகி."

இன்னொரு தடவை சொன்னேன், கொஞ்சம் உரக்க. கடைப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அடுத்த வடையை எடுத்துக்கொண்டு ஒரு விரலைக் காட்டினார். மூன்றாவது தடவையும் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. காது கேட்காத தவுக்கே என்ன புரிந்துகொண்டாரோ, காதிலிருந்த பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

அக்கா தலையை ஆட்டினார்.

"இந்த மூணாவதுதான் கணக்கு. எழுதிக்க."